ப்ரைமர் கெட்டதுக்கு பிரஷ்ஷைத் திட்டாதீர்கள்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து, மேஜையில் வைத்து ஆடும் டேபிள்டாப் கேம்களின் குட்டிப் பொம்மைகளான மினியேச்சர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பெயின்ட் அடித்துக் கொடுப்பது என் தொழில். யாராவது ஏற்கெனவே ப்ரைமர் (கலர் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, முகமே மழுங்கிப்போய் வரும் பொம்மைகள்தான் எனக்கு அதிக வேலை வைக்கும். கேட்டால், "ஸ்ப்ரே கிடைக்கல, பிரஷ்ல அடிச்சேன், அதான்" என்பார்கள்.

அது காரணமே இல்லை. டப்பாவைப் பாருங்கள். ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் ப்ரைமர் என்று கேட்டால் சுவருக்கோ மரத்துக்கோ அடிப்பதைத்தான் எடுத்துத் தருவார், அதன் வேலையே நுண்ணிய துளைகளை அடைப்பது, 28 மில்லிமீட்டர் பொம்மையின் கண்ணும் அதற்கு ஒரு துளைதான். மினியேச்சருக்கென்றே வரும் அக்ரிலிக்-பாலியூரித்தேன் ப்ரைமர் வாங்குங்கள், வல்லெஹோ பிராண்ட் மாதிரி. ஈரத்தில் கொஞ்சம் தடிமனாகத் தெரியும், பயப்பட வேண்டாம், காயும்போது சுருங்கி உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி நீர்க்க விட்டால்தான் மேட்டில் நிற்காமல் பள்ளத்தில் போய்த் தேங்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு நாள் முழுக்க விடுங்கள், இல்லையென்றால் நகம் பட்டாலே தோல் மாதிரி உரிந்து வரும். ப்ரைமர் அடிப்பதற்கு முன்னால் பொம்மையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவவும் வேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகணும்.

இன்னொரு எதிரி நம்ம ஊர்க் காற்று. சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் பெயின்ட் பிரஷ் நுனியிலேயே காய்ந்து, மணல் மணலாகப் பொம்மையில் விழும். ஃபேனை நிறுத்துங்கள். டிபன் பாக்ஸ் மூடியில் ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அவ்வளவுதான் பெயின்ட் காயாமல் வைக்கும் வெட் பேலட், பேஸ் கோட் (ப்ரைமர் மேல் அடிக்கும் முதல் கலர்) கலக்க இது போதும். பாதி காய்ந்த இடத்தில் திரும்பவும் பிரஷ் வைத்தால் கோடு விழும், அப்படியே விட்டுவிட்டு அடுத்த பூச்சில் சரிசெய்யுங்கள்.

பேஸ் கோட்டுக்கு மட்டும் தண்ணீர் சேர்க்கலாம், பால் பதத்துக்கு, மெல்லிசாக இரண்டு கோட். மஞ்சளைக் கறுப்பு ப்ரைமர் மேல் அடித்துவிட்டு ஏழு கோட் போட்டும் பிடிக்கவில்லை என்று புலம்பினால் நான் என்ன செய்ய? வெள்ளை ப்ரைமர் எடுங்கள்.

அப்புறம், பிரஷ் நுனியைக் கூராக்க வாயில் வைக்கும் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். சில ஆர்ட்டிஸ்ட் கலர்களில் காட்மியம் உண்டு, பழைய உலோகப் பொம்மைகளில் ஈயமும் இருக்கலாம். ஈரத் துணியில் வைத்து லேசாக உருட்டினாலே நுனி சேர்ந்துவிடும்.