இம்யூனோசெனசென்ஸ்: தமிழில் 'நோயெதிர்ப்பு மூப்பு'

வயதாக வயதாக நம் நோயெதிர்ப்பு மண்டலம் மாறிப்போவதற்கு ஆங்கிலத்தில் இம்யூனோசெனசென்ஸ் என்று பெயர். வாய்க்குள் நுழையாத சொல்தான், இரண்டாகப் பிரித்தால் பயம் போய்விடும். முன்பாதி 'இம்யூனிஸ்' என்ற லத்தீன் சொல்: வரியோ பொது ஊழியமோ தேவையில்லை என்று விலக்குப் பெற்றவர். நம் கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி' கிட்டத்தட்ட அதேதான். நோயிலிருந்து விலக்கு என்ற பொருள் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. பின்பாதிக்கு வேர் 'செனெக்ஸ்', அதாவது கிழவர். செனட், சீனியர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இரண்டும் சேர்ந்த சொல் 1960களில் அமெரிக்க ஆய்வாளர் ராய் வால்ஃபோர்டின் எழுத்துகள் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது.

சரி, தமிழில்? 'நோயெதிர்ப்புத் தளர்ச்சி' என்று வைத்தால் என்ன? எனக்கு ஒப்பவில்லை. நோயெதிர்ப்புச் செல்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜைக்குள் நடப்பது வெறும் தளர்ச்சி இல்லை.

வயதானால் மஜ்ஜையில் எல்லா இரத்த செல்களுக்கும் மூலமான இரத்தக் குருத்தணுக்கள் குறைந்துபோகும் என்றுதான் யாரும் நினைப்போம், ஆனால் எண்ணிக்கை கூடத்தான் செய்கிறது. குறைவது வேலைத்திறன், அந்த வேலையும் ஒருபக்கமாகச் சாய்ந்து, எந்தக் கிருமியானாலும் முதலில் பாயும் நியூட்ரோஃபில், மோனோசைட் போன்ற வெள்ளை அணுக்களுக்கான கிளை ஓங்கிவிட, கிருமியை அடையாளம் கண்டு குறிவைக்கும் பி செல், டி செல் ஆகவேண்டிய முன்னோடிகள் அருகிப்போகின்றன. டி செல்கள் முதிர்ச்சி பெறும் தைமஸ் சுரப்பியோ அதற்கு வெகுகாலம் முன்பே கொழுப்பேறிச் சுருங்கத் தொடங்கியிருக்கும். இது போதாதென்று, மரபணு மாற்றம் அடைந்த ஒரே குருத்தணுவின் வாரிசுகள் இரத்தத்தில் பெருகிக்கிடப்பதும் உண்டு. 70 வயது தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கிறது.

இன்னொரு பக்கம், மஜ்ஜை பழைய நினைவு செல்களின் குடியிருப்பும்கூட. பல வருடங்களுக்கு முன் வந்த நோய்க்கு இன்றும் எதிர்ப்புப் புரதம் சுரந்துகொண்டிருக்கும் பிளாஸ்மா செல்கள் அங்கேதான் தங்கியிருக்கின்றன. முதிய மஜ்ஜையில் இன்டர்லூக்கின்-15, இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்கள் கூடுகின்றன, அந்தச் சூழலில் பல சண்டை பார்த்த டி செல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. பழகிய கிருமி வந்தால் ஓரளவு சமாளித்துவிடும்; புதுக் கிருமி வந்தால்தான் திண்டாட்டம். பல தடுப்பூசிகள் இளைஞர்களுக்குப் பலன் தருகிற அளவு முதியவர்களுக்குத் தராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் 'மூப்பு' என்கிறேன். நரை, திரை, மூப்பு என்று சொல்லும்போது அது கிழத்தனம். அரசு அலுவலகத்தில் பணிமூப்பு என்றால் சீனியாரிட்டி. லத்தீன் வேரிலும் இந்த இரண்டு பொருளும் உண்டு, மஜ்ஜையிலும் இரண்டும் நடக்கின்றன: உற்பத்தி கிழடு தட்டுகிறது, சீனியர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். 'தளர்ச்சி' முதல் பாதியை மட்டும்தான் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. தனி ஒரு செல் பிரிவதையே நிறுத்திவிடும் நிலைக்கும் ஆங்கிலத்தில் செனசென்ஸ்தான். அதைச் 'செல் மூப்பு' என்று தனியாக எழுதுங்கள், முழு நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிப் பேசும்போது அதோடு குழப்ப வேண்டாம்.