இயலுமை வேறு, பங்கேற்பு வேறு: ஆய்வேடு எழுதும் மாணவருக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பிள்ளைகளையோ வேலை செய்யும் விலங்குகளையோ அவதானிக்கப் புறப்படும் மாணவர்கள் முதலில் தேடுவது ஒரு வினாக்கொத்தை. அளக்கப்போவது இயலுமையா, பங்கேற்பா என்று தீர்மானிக்காமலே வேலை தொடங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஐ.சி.எஃப் என்பது மனிதரின் செயற்பாட்டையும் இயலாமையையும் விவரிக்கும் வகைப்பாடு. அது பிள்ளையால் எது முடியும் (இயலுமை) என்பதையும் அன்றாடச் சூழலில் பிள்ளை எதைச் செய்கிறது (பங்கேற்பு) என்பதையும் பிரித்தே வைக்கிறது. அமைதியான அறையில் தனியே இருத்தி எழுதவைத்துவிட்டு, 'வகுப்பில் பங்கேற்கிறார்' என்று முடிவெழுத முடியாது. வண்டில் மாட்டுக்கும் இதே கணக்குத்தான். வலப்பக்கம் பூட்டிப் பழகிய மாட்டை இடப்பக்கம் பூட்டினால் தடுமாறும். நுகம் உரசிக் கழுத்தில் புண் இருந்தால் நின்றுவிடும். பதிவைத் தொடங்குமுன் நுகத்தைத் தூக்கி, கழுத்தைக் கையால் தடவிப் பாருங்கள். இதைச் செய்யாமல் 'உழைக்கும் திறன் குறைவு' என்று எழுதிய வரிக்குப் பெறுமதி இல்லை.

பதிவு முறையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நேரத்தை 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்குள் பிள்ளை ஒருதரம் கவனித்தாலும் 'ஈடுபாடு' என்று குறித்தால் அளவு கூடித் தெரியும். 30 வினாடியும் விடாமல் கவனித்தால்தான் குறிப்போம் என்றால் குறைந்து தெரியும். 30ஆவது வினாடியில் நிமிர்ந்து பார்த்து, அந்தக் கணத்தில் உள்ளதை மட்டும் குறிப்பது நல்லது. இருவர் தனித்தனியே பதியவேண்டும். '85 வீதம் ஒத்துப்போனது' என்று மகிழ அவசரப்படாதீர்கள். இருவருமே 90 வீத இடங்களில் 'ஈடுபாடு' என்று போட்டிருந்தால், தற்செயலாகவே 82 வீதம் ஒத்துவரும். அப்போது, தற்செயல் ஒப்புதலைக் கழித்துக் கணக்கிடும் அளவான கோஹனின் கப்பா வெறும் 0.17.

சோதிப்பவரின் முகமும் விடை சொல்லிக்கொடுக்கும். பெர்லினில் கணக்குப் போட்டதாகப் பேர்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவருக்கே விடை தெரியாதபோது தோற்றதை 1907இல் உளவியல் ஆய்வாளர் ஒஸ்கார் ப்ஃபுங்ஸ்ட் காட்டினார். ரீச்சர் தலையாட்டினால் பிள்ளையும் அதைத்தான் வாசிக்கும். சரியான விடை தெரியாத ஒருவரைக் கொண்டு கேட்கச் செய்யுங்கள். மாட்டுக்காரர் மாட்டின் கண்ணில் படாமல் நிற்கட்டும்.

பெற்றார் கையொப்பம் வைத்ததோடு சம்மதம் முடிவதில்லை. அடிக்கடி தண்ணீர் கேட்கும், வாசலையே பார்க்கும் பிள்ளைக்கு இடைவேளை கொடுத்து, தொடர விருப்பமா என்று கேளுங்கள். பிள்ளையோடு விடப்பட்ட நாய் உதட்டை நக்கினால், தூக்கம் வராத நேரத்திலும் கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பி வெண்விழி காட்டினால் பிள்ளையை விலக்கி அன்றைய அமர்வை நிறுத்துங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் எந்த நாயையும் பிள்ளைகளிடம் விடக்கூடாது. கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

நாள் குறிக்கும்போது ஊரைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போக அறுவடை, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, முஸ்லிம் ஊர்களில் நோன்பு. இக்காலங்களில் வரவு குறைவதைப் பிள்ளைக்கு விருப்பமில்லை என்று வாசிக்கக்கூடாது. வருகைக்கு ஒரு நிரல், ஈடுபாட்டுக்கு இன்னொரு நிரல் வையுங்கள். வராத பிள்ளையின் ஈடுபாட்டு நிரலில் பூச்சியம் போடாமல் வெற்றிடமாக விட்டு, காரணத்தைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.