வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று

அந்தப் பெண் வந்து உட்கார்ந்ததுமே வேப்பிலை வாசனை அடித்தது. பத்து வாரக் கர்ப்பம். மடியில் ஒன்றரை வயதுப் பையன். சேலைத் தலைப்பை இழுப்பான், வாயை வைப்பான், கசந்ததும் வீறிட்டு அழுவான். பாலை மறக்கடிக்க மூன்று நாளாக வேப்பிலையை அரைத்துத் தடவியிருக்கிறார்கள். பால் கட்டிக்கொண்டு மார்பு இரண்டும் கல்லாகிக் கிடந்தன.

"வயித்துல ஒண்ணு இருக்கும்போது பால் குடிச்சா புள்ள சவலையாயிடும் டாக்டரம்மா" என்றார் மாமியார்.

அவர் பார்த்தது பொய்யில்லை. தாய் மறுபடி உண்டானதும் மூத்தது மெலிந்துபோவதை நம் ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில், கா மொழி பேசுகிறவர்களும் பார்த்தார்கள். தம்பியோ தங்கையோ வந்ததால் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்குக் குவாஷியோர்கர் எனப் பெயரிட்டார்கள். அங்கே வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1930-களில் அந்தப் பெயரையே மருத்துவ உலகுக்குச் சொன்னார். ஆனால் பிள்ளையை வாட்டியது கர்ப்பிணியின் பால் அல்ல. பாலைச் சட்டென்று நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாகச் சத்தான சாப்பாடு கொடுக்காமல் போனதுதான்.

கரு கலைந்துவிடுமோ என்பது அடுத்த பயம். குழந்தை சப்பும்போது, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரப்பது உண்மை. லேசாக வயிறு இறுகலாம். ஆனால் நிறைமாதம் நெருங்கும்வரை கர்ப்பப்பை அந்த ஹார்மோனுக்குப் பெரிதாக அசைந்துகொடுக்காது. அதனால் சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பால் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ரத்தக்கசிவு இருந்தாலோ, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ கதை வேறு. உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடராதீர்கள்.

கர்ப்பத்தின் நான்காம், ஐந்தாம் மாதத்தில் பால் தானாகக் குறையும், சுவையும் மாறும். சில பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடும். மூத்தது ஒரு வயதுக்குள் என்றால் இந்தக் குறைவைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். எடையைப் பாருங்கள், வேறு பால் தேவையா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றரை வயதுக்காரனுக்குப் பருப்புச் சாதம், முட்டை, அங்கன்வாடி சத்துமாவு எல்லாம் இருக்கிறதே. அம்மாவும் கூடவே ஒரு பிடி சாப்பிட வேண்டும், இரும்புச்சத்து மாத்திரையை விடக்கூடாது. காம்பு வலி தாங்கவில்லை, நிறுத்தத்தான் வேண்டும் என்றால் நிறுத்துங்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். சில நாளுக்கு ஒருமுறை ஒரு வேளைப் பாலை நிறுத்தி, இப்படியே குறைத்துக்கொண்டே வாருங்கள். வேப்பிலை மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

அன்று அந்தப் பெண் பக்கத்து அறைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தார். பையன் ஒரு கையால் அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடித்தான். ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிட்டான். மாமியார் அவன் தலையைத் தடவியபடி கேட்டார்: "இவனே குடிச்சுட்டா, பொறக்கப்போறதுக்குச் சீம்பால் மிச்சம் இருக்குமா?"

"இருக்கும்மா. அது தீர்ந்துபோகாது. பிரசவம் ஆனதும் சின்னதுக்கு முதல்ல கொடுக்கச் சொல்லுங்க. இவனுக்கு அப்புறம்."