பட்டனில் இணையப் படம் தோன்றுவது எப்படி?

சுங்கை சிப்புட்டிலிருந்து படிவம் 5 மாணவி ஒருவரின் கேள்வி: "அம்மா செய்யும் முறுக்கு, அதிரசத்துக்குத் தீபாவளி ஆர்டர் எடுக்க பைத்தானில் ஆப் எழுதுகிறேன். கிவி பட்டனில் படத்தின் இணைய முகவரியைக் கொடுத்தேன். படம் வரவில்லையே, ஏன்?"

கிவி என்பது பைத்தானில் ஆப் எழுத உதவும் கருவித் தொகுப்பு. அதன் சாதாரண பட்டனுக்கு இணையத்திலிருந்து எதையும் இறக்கத் தெரியாது. 'பேக்கிரவுண்ட் நார்மல்' என்ற இடத்தில் போனுக்குள் இருக்கும் கோப்பைத்தான் அது தேடும். இணையப் படத்துக்கு, அதை இறக்கிக் காட்டும் கிவியின் 'அசிங்க்இமேஜ்' வேண்டும். புதிய வகுப்பு (கிளாஸ்) ஒன்றை எழுதி, அடைப்புக்குள், தொட்டால் பட்டன்போல் இயங்க வைக்கும் 'பட்டன்பிஹேவியர்' முதலிலும் 'அசிங்க்இமேஜ்' அடுத்தும் வருமாறு போடுங்கள். பைத்தான் இடமிருந்து வலமாகத் தேடும். வரிசையை மாற்றினால் தொடுகை படத்தோடு நின்றுவிடும், பட்டன் பக்கம் போகவே போகாது.

இனி, உள்ளே நடக்கும் அழகான வேலையைப் பார்ப்போம். திரை நொடிக்கு 60 முறை வரையப்படுகிறது. ஒரு முறை வரைவது ஒரு சட்டம் (ஃபிரேம்). அதற்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. ஆப்புக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் வேலைத் தொடர்களுக்கு இழை (த்ரெட்) என்று பெயர். திரையை வரையும் முதன்மை இழையே படத்தையும் இறக்கப் போனால், 2 நொடித் தாமதத்தில் 120 சட்டங்கள் போய்விடும், ஆப் உறைந்து நிற்கும். அதனால் படங்களை ஏற்றித்தரும் கிவியின் 'லோடர்' பின்னணியில் 2 இழைகளை வைத்திருக்கிறது. அவை படத்தை இறக்கி, தற்காலிகக் கோப்பில் எழுதி, புள்ளிகளாகப் பிரித்துவிடும். ஆனால் அதைத் திரையில் ஏற்ற அவற்றால் முடியாது. திரையில் வரையும் ஓப்பன்ஜிஎல் முதன்மை இழையின் பொறுப்பில் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய குலை சாலையோரம் சேரும், ஆலைக்கு ஏற்றிப்போவது லாரி. அதே மாதிரிதான் இதுவும். தயாரான படங்கள் வரிசையில் நிற்க, முதன்மை இழை ஒரு சட்டத்துக்கு அதிகபட்சம் 2 படங்களையே எடுக்கிறது. 20 படங்கள் ஒரே நேரத்தில் வந்தாலும் 10 சட்டங்களில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கில், ஏறிவிடும். விரலுக்கு அது தெரியவே தெரியாது.

இவ்வளவும் இருந்தும் ஆப் திக்கினால் "போன் பழசு" என்று பழி போடுவது சரியில்லை. கேமராவில் எடுத்த 4000×3000 படம் கோப்பாகச் சிறிதாகத் தெரியும். நினைவகத்தில் விரிந்தால் புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி! பன்னிரண்டு பலகாரத்துக்கு 576 எம்பி. 300×300 ஆகச் சுருக்கிவிட்டு இணையத்தில் ஏற்றினால் ஒரு படத்துக்கு 0.36 எம்பிதான்.

கணினியில் வந்த படம் போனில் வராவிட்டால் பைத்தான் நிரலைப் போன் ஆப்பாகக் கட்டித்தரும் 'பில்டோசர்' கருவியின் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். அனுமதிகளில் 'இன்டர்நெட்' இருக்க வேண்டும். தேவைகளின் வரிசையில் 'ஓப்பன்எஸ்எஸ்எல்', 'செர்ட்டிஃபை' இரண்டும் வேண்டும். இல்லையென்றால் பாதுகாப்பான முகவரிகளின் சான்றிதழைச் சரிபார்க்க முடியாமல் இறக்கம் தோற்றுவிடும். படம் பட்டனை நிறைக்காவிட்டால், கிவி 2.2 முதல் உள்ள 'ஃபிட் மோட்' பண்புக்கு 'கவர்' என்று கொடுங்கள்.

தோட்டத்துக்குள் லைன் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆகவே லோடரின் 'லோடிங் இமேஜ்', 'எரர் இமேஜ்' இரண்டுக்கும் ஆப்போடு சேர்ந்தே வரும் படங்களைக் கொடுத்துவிடுங்கள். பலகாரத்தின் பெயரையும் விலையையும் படத்துக்குள் எழுதாமல் கீழே தனி எழுத்தாக வையுங்கள். படம் வராவிட்டாலும் "முறுக்கு, 15 வெள்ளி" என்று படித்து ஆர்டர் போட முடியும்.