கொத்தனார் நூலில் இருக்கும் கோணம்

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் கொத்தனார் மனையில் முளை அடித்து நூல் கட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த புள்ளி, கோடு, கோணம் எல்லாம் அங்கேயே கண்ணுக்குத் தெரியும்.

முளையின் தலையில் இருக்கும் ஆணியைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். சரியாகச் சொன்னால் ஆணி அல்ல, அது நிற்கும் இடம்தான் புள்ளி, ஏனென்றால் ஆணிக்குத் தடிமன் உண்டு, இடத்துக்குக் கிடையாது. கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் இதைத்தான் சொன்னார்: பகுதி இல்லாதது புள்ளி, அகலம் இல்லாத நீளம் கோடு. இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டிய நூல் கோட்டுத்துண்டு. ஒரு முனையில் தொடங்கி மறுபக்கம் முடிவே இல்லாமல் போனால் கதிர், இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தால் கோடு.

அப்புறம் கோணம். பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: கோடுகளை நீளமாக வரைந்தால் கோணமும் பெரிது என்று நினைத்துவிடுகிறார்கள். 3 மணிக்குக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள், மணிக்கூண்டையும் பாருங்கள். முள்ளின் நீளத்தில் எவ்வளவோ வித்தியாசம் இருக்கும், கோணம் இரண்டிலும் 90 பாகைதான். ஒரு கதிரை எவ்வளவு திருப்பினால் இன்னொன்றின் மேல் போய் உட்காரும் என்பதே கோணம்.

முழுச் சுற்றுக்கு 360 பாகை என்பது, அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியர்கள் வழியாக வந்த வழக்கம். செங்கோணத்துக்கு அந்த எண்கூடத் தேவையில்லை. எப்படிக் கிழிந்த காகிதமானாலும் சரி, ஒரு முறை மடியுங்கள், நேர்கோடு கிடைக்கும். அந்த மடிப்பு தன் மேலேயே பொருந்தும்படி மறுபடி மடியுங்கள். 180 பாகை சரிபாதியாகிவிட்டது, மூலையில் இருப்பது செங்கோணம். அதற்குக் குறைந்தால் குறுங்கோணம், மிஞ்சினால் விரிகோணம்.

மனையை அப்படி மடிக்க முடியாதே. செங்கோணம் பார்க்கக் கையில் இருக்கும் L வடிவ மூலமட்டமும் சின்னது, அதில் 1 பாகை பிசகினால் கண்ணுக்கே தெரியாது, ஆனால் 30 அடி சுவரின் கடைசியில் அது 6 அங்குலத்துக்கு மேல் விலகி நிற்கும், பிறகு டைல்ஸ் ஒட்டும்போது சுவரோரம் முழுக்க ஆப்பு ஆப்பாக வெட்ட வேண்டிவரும். அதனால் மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி அளந்து குறி வைத்து, இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடிக்கிறார்கள். 5 அடி காட்டினால் மூலை செங்கோணம்: 3இன் வர்க்கம் 9ம் 4இன் வர்க்கம் 16ம் சேர்ந்தால் 5இன் வர்க்கம் 25, பிதாகரஸ் தேற்றத்தைத் திருப்பிப் போட்டது. 5க்குக் குறைந்தால் கோணம் குறுகியிருக்கிறது, கூடினால் விரிந்திருக்கிறது, முளையை நகர்த்த வேண்டும். இடம் இருந்தால் 6, 8, 10 என்று அளப்பது இன்னும் நல்லது, நீளம் கூடக் கூடப் பிசகு நன்றாகத் தெரியும்.

நாலு மூலையும் கட்டி முடித்து, எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பார்த்து, கடைசியாக மூலைக்கு மூலை குறுக்கே அளப்பார்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகுதான் நூலையொட்டிச் சுண்ணாம்புப் பொடி தூவுவார்கள்.