ஓட்டச் சக்கரத்தின் நான்காம் இரவு

உடலியங்கியல் முதுநிலை மாணவியாக நான் கல்லூரி விலங்குக் கூடத்தில் பணிபுரிந்த நாட்களில், வெள்ளை எலிகளின் ஓட்டச் சக்கரங்களில் பொருத்திய எண்காட்டிகளைப் பார்த்து, இரவு முழுக்க ஒவ்வோர் எலியும் எத்தனை சுற்று ஓடியது என்று பேரேட்டில் குறிப்பதுதான் காலையின் முதல் வேலை. ஆண் எலிகளின் கணக்கு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. பெண் எலிகளின் கணக்கோ மூன்று நான்கு இரவுகள் தாழ்ந்திருந்து, நான்காம் அல்லது ஐந்தாம் இரவில் ஒரேயடியாக உயரும். அப்படி ஓடித் தீர்த்த எலியின் பிறப்புறுப்பை ஒரு சொட்டு உப்புநீரால் கழுவி, அந்த நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், உட்கரு இழந்த தட்டையான செல்கள் காய்ந்த சருகுகளைப் போலக் குவிந்து கிடக்கும். எலி சினைப்பருவத்தில், அதாவது இணைசேரத் தயாரான நிலையில், இருப்பதற்கான அடையாளம் அது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வாங் என்ற ஆய்வாளர் 1923-இலேயே இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்துவிட்டார். கருவுற்ற எலி சக்கரத்தை ஏறக்குறைய மறந்துவிடும். சினைப்பைகளை நீக்கிவிட்டால் அந்த நான்காம் இரவே வராது; ஓட்டம் பெருமளவு குறைந்து, உடல் எடை கூடும். அதே எலிக்கு ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ராடையால் கொடுத்தால் சில நாட்களில் சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கும், கூடவே சினைப்பைகளின் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோனையும் கொடுத்தால் அந்த வேகம் மட்டுப்படும். தசையும் எலும்பும் கூண்டும் உணவும் மாறாதிருக்க, ஒரு ஹார்மோனின் வரவும் போக்கும் மட்டுமே ஒரு பிராணியின் சுறுசுறுப்பை இவ்வளவு தூரம் மாற்றுகிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், சோம்பல் என்ற சொல்லை அதற்குப் பிறகு எளிதில் எடுத்தாள மாட்டார்.

ஆண் எலிகளின் கதை இன்னும் வியப்பானது. காயடித்த எலி குறைவாகவே ஓடும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பழைய ஓட்டம் திரும்பும். ஆகவே ஆணை ஓடவைப்பது டெஸ்டோஸ்டிரோன் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் அரோமட்டேஸ் என்ற நொதி அந்த ஹார்மோனின் ஒரு பகுதியை எஸ்ட்ராடையாலாக மாற்றுகிறது. அப்படி மாற முடியாத இன்னொரு ஆண் ஹார்மோனான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்துப் பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஆணின் ஓட்டத்திற்குப் பின்னாலும் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜனே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தது இப்படித்தான்.

இந்த ஹார்மோன் வேலை செய்யும் முக்கிய இடம் மூளை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸிலும் அதை ஒட்டிய முன்பகுதியிலும் உள்ள நரம்புச் செல்கள், ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்பாவின் வழியாக அதை உணர்கின்றன. கலிபோர்னியாவில் ஹோலி இங்கிரகாம், ஸ்டெபனி கொரேயா ஆகியோரின் குழுக்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, பெண் சுண்டெலிகளின் ஹைப்போதலாமஸில் ஈஸ்ட்ரோஜன், மெலனோகார்டின்-4 ஏற்பி என்ற வேறொரு ஏற்பியின் மரபணுவை முடுக்கி நடமாட்டத்தைக் கூட்டுவதைக் காட்டியது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த சுண்டெலிகளில் அந்த மரபணுவை மட்டும் தூண்டியபோதும் அவை மீண்டும் சுறுசுறுப்பாயின.

இன்று என் மருத்துவமனைக்கு, கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் நாற்பது வயதிலேயே எடுத்துவிட்ட பெண்கள் வருகிறார்கள். "உடம்பு எழுந்திரிக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா, வீட்ல சோம்பேறின்னு சொல்றாங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு தாயிடம், எலிக் கூண்டில் நான் பார்த்ததைச் சொன்னேன். உடன் வந்திருந்த மகள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எலியில் கண்டதை அப்படியே மனிதர் மேல் ஏற்றிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். மனிதருக்குச் சினைப்பருவம் கிடையாது. நாம் நடப்பதும் படுப்பதும் வேலை, தூக்கம், மனநிலை, மூட்டுவலி, வீட்டுச் சூழல் என எத்தனையோ காரணங்களால் அமைகிறது. இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே களைப்பைத் தரக்கூடும் என்பதால் முதலில் அவற்றைச் சோதித்துவிட வேண்டும். ஹார்மோன் மாத்திரையை யாரும் தாமாகவே வாங்கி விழுங்கக் கூடாது. மார்பகப் புற்றுநோயோ இரத்தக்குழாயில் இரத்த உறைவோ வந்தவர்களுக்கு அது ஆபத்தாக முடியும். இளவயதில் சினைப்பைகளை இழந்தவர்களுக்கு அச்சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படும் என்றாலும், எதை, எந்த அளவில், எவ்வளவு காலம் என்பதை அவரவர் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தத் தாயின் ஹீமோகுளோபின் அளவும் குறைந்தே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, மாலையில் கால் மணி நேரம் நடக்கச் சொன்னேன். நானும் கூட நடக்கிறேன் என்றாள் மகள்.