சைட்டேஷனுக்கு ‘மேற்கோள்’ பொருந்துமா?

ரத்தப்புற்றுக்கான இமாட்டினிப் மருந்துக்கு வழிவகுத்த பிரையன் ட்ரூக்கரின் கட்டுரைகள் ‘ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டவை’ என்று, ஆங்கிலத்தின் சைட்டேஷனுக்கு (citation) ஈடாக எழுதுகிறோம். புற்றுமருந்து ஆய்வாளர் எவரைப் பற்றி எழுதினாலும் பெயர் மட்டும் மாறி இதே வாக்கியம் வந்து நிற்கிறது. குறளை மேடையில் எடுத்துச் சொல்வதுபோல அவருடைய வரிகளை ஊரெல்லாம் எடுத்து எழுதுகிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நடப்பது வேறு. ட்ரூக்கர் குழுவின் கட்டுரை 1996-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்று நோயாளிகளின் மாதிரிகளில் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்ற பிறழ்ந்த மரபணு கொண்ட செல்திரள்கள் 92 முதல் 98 விழுக்காடு குறைந்தன, இயல்பான திரள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அது காட்டியது. பின்னாளில் இம்மருந்துக்கு எதிர்ப்பு ஏன் தோன்றுகிறது என்று ஆராய்பவர், இந்த முடிவைத் தன் சொல்லில் ஒரு வரியாக எழுதி, வரியின் முடிவில் 7 என்று பொடி எண் இடுவார். கட்டுரையின் கடைசிப் பட்டியலில் 7-ஆம் இடத்தில் அதன் விவரம் இருக்கும். சைட்டேஷன் என்பது இவ்வளவுதான். ட்ரூக்கர் எழுதிய ஒரு சொல்லும் அங்கே இராது.

வேர் லத்தீனின் ‘சிட்டாரே’: அசை, கூப்பிடு. ஆங்கிலத்தில் முதலில் நீதிமன்றத்துக்கு அழைப்பது என்ற பொருளில் புழங்கியது. அழைக்கப்பட்டவர் நமக்குச் சாதகமாகவும் பேசலாம், பாதகமாகவும் பேசலாம்.

மேற்கோளுக்கு அந்த நடுநிலை கிடையாது. சிவஞானபோதத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும்போது அது நிறுவ மேற்கொண்ட கருத்தைக் குறிக்கிறது. இன்றைய வழக்கில், பிறர் சொல்லை அப்படியே எடுத்து, அதன் மதிப்பைத் துணைக்குக் கொள்வது. ஆய்வுலகில் மறுக்கவும் சைட்டேஷன் உண்டு. எந்த நோயாளிக்கு எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்பதை மரபணுக் குறிகளால் முன்கூட்டியே சொல்லலாம் என்று டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006-இல் வந்த கட்டுரை, 2011-இல் திரும்பப் பெறப்பட்டது. அதன் கணக்கைத் தோண்டிப் பிழை கண்ட புள்ளியியலாளர்களும் அதைச் சைட் செய்துதான் எழுதினார்கள். அந்தச் சைட்டேஷனும் மூலக் கட்டுரையின் எண்ணிக்கையில்தான் ஏறும். இதை ‘மேற்கோள் காட்டினார்கள்’ என்றால் குற்றஞ்சாட்டியவரை வழிமொழிந்தவராக்கிவிடுகிறோம்.

எண்ணிக்கையிலும் இடறும். ஒரே கட்டுரை ஐந்து இடத்தில் 7 என்று போட்டாலும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் ஒன்று என்றே எண்ணும். மேற்கோளாக இருந்தால் ஐந்தல்லவா? ஓர் ஆய்வாளரின் எச்-இண்டெக்ஸ் (h-index) 40 என்றால், குறைந்தது 40 முறை சைட் செய்யப்பட்ட கட்டுரைகள் 40 இருக்கின்றன என்று பொருள் (இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் வகுத்தது). மொழிபெயர்ப்பாளர் கையில் அது ‘40 மேற்கோள்கள் பெற்றவர்’ ஆகிவிடுகிறது. உண்மையில் அவருக்கு 1,600-க்குக் குறையாமல் இருக்கும்!

‘சான்று’ என்பாரும் உண்டு. பொய்த்துப்போன கட்டுரை எதற்குச் சான்று? ‘எடுத்தாள்கை’ மறுபடியும் சொல்லைக் கடன் வாங்குவதில் போய் முடிகிறது.

என் தேர்வு ‘சுட்டுகை’. முன்னோர் கருத்தை அவர் சொல்லை எடுக்காமல் சுட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். தொல்காப்பியத்தின் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ எல்லாம் வேறென்ன? பாட்டையே எடுத்துவைக்கும் உரையாசிரியர்கள் செய்வதுதான் மேற்கோள். இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள், நாம்தான் கலக்கிவிட்டோம். வினையும் எளிது: சுட்டுகிறது, சுட்டப்பட்டது. தன் கட்டுரையைத் தானே சுட்டினால் தற்சுட்டு. எந்தக் கட்டுரையை எவை சுட்டின என்று காட்ட யூஜின் கார்ஃபீல்டு 1960-களில் தொடங்கிய சைட்டேஷன் இண்டெக்ஸைச் சுட்டுகை அடைவு எனலாம். சொல்லடைவு, பொருளடைவு இருக்கின்றனவே. ‘சுட்டான் என்றால் திருடினான் ஆயிற்றே’ என்று சிரிப்பவர்கள் இலக்கணத்தைப் பார்க்கட்டும்: சுட்டிய கட்டுரை வேறு, சுட்ட கட்டுரை வேறு.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு கேடு ‘தாக்கக் காரணி’. மருந்தின் தாக்கம், நோயின் தாக்கம் என்று ஏற்கெனவே நிரம்பிய பத்தியில் ஆய்விதழ்களை மதிப்பிடும் இம்பாக்ட் ஃபேக்டரையும் (impact factor) அப்படி எழுதினால், பக்கவிளைவு பற்றிய பேச்சென்றே தோன்றும். இலங்கை வேதியியல் நூல்களிலோ தாக்கம் என்றால் ரசாயன வினை. காரணியும் பொருந்தவில்லை, 12-இன் காரணி 3 என்று பள்ளியில் படித்ததுதான் நினைவுக்கு வரும். இதுவோ வெறும் விகிதம். ஓர் இதழ் 2022, 2023-இல் வெளியிட்டவை 2024-இல் எத்தனை முறை சுட்டப்பட்டன என்று எண்ணி, அவ்விரண்டு ஆண்டுகளில் வந்த ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2024-க்கான எண் கிடைக்கும். ‘இதழின் சுட்டுகை விகிதம்’ என்று எழுதினால் குழப்பமில்லை. ‘இதழின்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் ஆய்வாளர் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுகிறவர்கள் குறைந்தபாடில்லை.